ரிம்ஃபயர் ரைஃபிள் மேகசினைச் சீர்செய்தல்: கடற்கரை ஊர்க்காரர்களுக்கான பட்டறைக் குறிப்புகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கும் கடலுக்கும் நடுவே வாழ்கிற எங்களுக்கு .22 ரைஃபிளின் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கி ரைஃபிளில் மாட்டும் பெட்டி, கெடுவதற்கான காரணங்கள் இரண்டு வாசலிலேயே காத்திருக்கின்றன. ஒன்று உப்புக்காற்று, மற்றொன்று, அறுவடைக்காகக் கரும்பு வயல்களுக்குத் தீ வைக்கும் மாதங்களில் கூரை, துணிக்கொடி, கார் என்று எதையும் விடாமல் வந்து படிகிற கருஞ்சாம்பல். நான் சர்க்கரை ஆலைப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகையால் சுடுதளத்து நண்பர்களும் உறவினர்களும் சரியாக வேலை செய்யாத மேகசினை எடுத்துக்கொண்டு என் வீட்டுப் பின்கட்டுக்கு வருவதுண்டு. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் மேகசினை அவரவரே சீர்செய்யும்படி காட்டிக் கொடுப்பது என் வழக்கம். வருகிறவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, மேகசின் வாயின் விளிம்பை, அதாவது உதட்டை, எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதுதான். வளைக்க வேண்டிய நிலை மிக அரிதாகவே வருகிறது என்பதையும், அதற்கு முன் பார்க்க வேண்டியவை எவை என்பதையும் விளக்கவே இதை எழுதுகிறேன்.

நம் கோயில் தமிழ் வகுப்புகளில் கற்ற தமிழில் இந்த வேலைக்குரிய சொற்கள் அதிகம் இல்லை. எனவே மேகசின், போல்ட் (தோட்டாவைப் பின்னிருந்து தள்ளி மூடும் உருளை), ஸ்பிரிங் ஆகியவற்றை எல்லோரும் சொல்கிறபடியே எழுதுகிறேன். தோட்டாவைக் கீழிருந்து தாங்கி மேலே கொண்டுவரும் சிறு தகட்டை ஏந்துதட்டு என்றும், மேகசினின் வாயில் தோட்டா தெறித்துவிடாமல் இருபுறமும் வளைந்து பிடித்திருக்கும் விளிம்புகளை உதடுகள் என்றும், போல்ட் முன்னே தள்ளும் தோட்டா போய் அமரும் குழலின் பின்பகுதியை அறை என்றும் குறிப்பிடுகிறேன்.

இங்கே எழுதியிருப்பவை அனைத்தும் மேகசினோடு நின்றுவிடுகின்றன. போல்ட், ஊசி, விசை, குழல் ஆகியவற்றில் கை வைக்க வேண்டுமானால் அது உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரின் வேலை. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 60-ஆம் இலக்கச் சட்டம், அதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. மேகசினில் அதிகத் தோட்டாக்கள் கொள்ளும்படி மாற்றுகிற வேலையும் இதில் இல்லை. தொழிற்சாலை வைத்த எண்ணிக்கை பிசகில்லாமல் ஊட்டப்பட்டால் அதுவே போதும்.

தோட்டாவைப் புரிந்துகொள்வது

மேகசினின் குறையை அறிய வேண்டுமானால், அது சுமக்கும் பொருளை முதலில் அறிந்திருக்க வேண்டும். .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் உருவானது. இத்தனை ஆண்டுகளாகியும் அதன் வடிவம் மாறவில்லை. முழு நீளம் சுமார் 25.4 மில்லிமீட்டர், அதாவது சரியாக ஓர் அங்குலம். பித்தளைக் கூட்டின் நீளம் 15.6 மில்லிமீட்டர். பின்னால் தட்டுபோல் வெளியே நீண்டிருக்கும் விளிம்பின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், கனம் 1.1 மில்லிமீட்டர். தீப்பற்றும் மருந்து நடுவில் தனிக் குப்பியில் இல்லாமல் அந்த விளிம்பின் உட்புற மடிப்பிலேயே பூசப்பட்டிருக்கிறது. ஊசி விளிம்பை நசுக்கும்போது மருந்து பற்றுகிறது. ரிம்ஃபயர் என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

மேகசினுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. விளிம்பு கூட்டைவிட அகலமானது என்பதால், ஒன்றின்மேல் ஒன்றாகத் தோட்டாக்களை அடுக்கும்போது அவை செங்கல்போல் மட்டமாக அமர்வதில்லை. ஒவ்வொரு விளிம்பும் மற்றொன்றோடு முட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. .22 மேகசின்கள் பல சற்றுச் சாய்ந்து அமைந்திருப்பதன் காரணம், மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதே. அடுத்து, ஈயக் குண்டு பெரும்பாலும் உலோக உறை இல்லாமல் வெறும் ஈயமாகவே, மெழுகுப் பூச்சோடு இருக்கிறது. மென்மையான ஈயம் உதட்டில் உரசினால் சுரண்டப்படும். மெழுகு வெயிலில் இளகி மேகசினின் உட்சுவரில் ஒட்டும். அந்த மெழுகின்மேல் சாம்பலும் தூசியும் எரிந்த மருந்தின் கரியும் சேர்ந்து காய்ந்தால் அடைகல்லைப்போல் இறுகிவிடுகிறது.

வேலைக்கு உட்காருமுன்

உயிருள்ள தோட்டா ஒன்றுகூட வேலை செய்யும் அறையில் இருக்கக் கூடாது. மேகசினைக் காலி செய்து, தோட்டாக்களை அவற்றின் பெட்டியிலிட்டு, அப்பெட்டியை இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிய பிறகே கருவிகளை எடுக்க வேண்டும். ரைஃபிள் தேவைப்படும் சோதனை வரும்வரை அதுவும் பெட்டகத்திலேயே இருக்கட்டும். தென்னாப்பிரிக்கத் தரமான எஸ்.ஏ.பி.எஸ். 953-க்கு ஏற்ற பெட்டகம் ரைஃபிள் உரிமம் உள்ள வீட்டில் இருந்தே தீரும். ரைஃபிளை வெளியே எடுக்கும்போது போல்ட்டைத் திறந்து, கண்ணால் ஒரு முறையும் சுண்டுவிரலால் ஒரு முறையும் அறையைச் சரிபாருங்கள்.

சோதனைக்கு வேண்டிய போலித் தோட்டாக்களைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினியத்திலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ, உண்மைத் தோட்டாவின் அளவில் செய்தவை கிடைக்கின்றன. நல்ல தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிவிட்டால் போலித் தோட்டா ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மிகவும் தவறு. விளிம்பு மடிப்பிலுள்ள பற்றுமருந்து அப்படியே இருக்கும். ஊசி பட்டால் வீட்டுக்குள்ளேயே வெடிக்கும். சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடும் இந்த வேலைக்கு உதவாது. குண்டு இல்லாத வாயோடு அது அறைக்கு ஏறும் விதம் வேறு.

கண்ணாடி அணியுங்கள்; மேகசின் ஸ்பிரிங் சிறியதாக இருந்தாலும் கண்ணைத் தேடிப் பாயக்கூடியது. சமையல் மேசையிலோ பாத்திரம் கழுவும் தொட்டியிலோ இதைச் செய்யாதீர்கள். மேகசினுக்குள் இருக்கும் அழுக்கில் ஈயம் கலந்திருக்கிறது; பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது எங்கும் படியக் கூடாது. பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் வேலை செய்து, முடிந்ததும் தாளைச் சுருட்டி எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு வெர்னியர் அளவுகோல், பழைய பல் துலக்கும் பிரஷ், பருத்திக் குச்சிகள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கறுப்பு மார்க்கர் பேனா, நுண்ணிய சாணைக்கல், 1200 எண் உப்புத்தாள், பற்கள் இல்லாத மழமழப்பான வாயுள்ள குறடு, ஒரு நோட்டுப்புத்தகம் ஆகியவை போதும். இவற்றுள் முதலில் கையில் எடுக்க வேண்டியது நோட்டுப்புத்தகம்தான்.

குறை மேகசினிலா, ரைஃபிளிலா?

உங்களிடம் உள்ள மேகசின்களுக்கு எல்லாம் அடித்தட்டில் எண் இடுங்கள். பின்பு சுடுதளத்தில், எந்த எண் மேகசின், எத்தனையாவது தோட்டா, என்ன நேர்ந்தது என்பதைத் தடை ஏற்படும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். இரண்டு வார இறுதிகளில் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கிவிடும். எல்லா மேகசின்களிலும் ஒரே தடை வருகிறதென்றால் குறை பெரும்பாலும் ரைஃபிளில் இருக்கிறது. அழுக்கடைந்த அறையோ, வெற்றுக் கூட்டை அறையிலிருந்து இழுத்தெடுக்கும் இழுகொக்கி தேய்ந்திருப்பதோ காரணமாகலாம். ஒரே ஒரு மேகசினில் மட்டும் வருகிறதென்றால் குறை அந்த மேகசினில். ஒரு மேகசினில், எப்போதும் கடைசித் தோட்டாவில் மட்டும் வருகிறதென்றால் ஸ்பிரிங்கையோ ஏந்துதட்டையோ பாருங்கள். முழுதாக நிரப்பியபோது முதல் தோட்டாவில் மட்டும் வருகிறதென்றால், நிரப்பிய விதத்தையும் உதடுகளையும் பாருங்கள்.

தடை நேர்ந்த கணத்தில் அவசரப்பட்டு போல்ட்டை இழுத்துக் குலுக்கிவிடாமல், குழலைச் சுடுதளத்தின் மண்மேட்டை நோக்கி வைத்தபடியே தோட்டா எப்படி நிற்கிறது என்று பார்ப்பது மிகவும் பயன் தரும். குண்டின் மூக்கு கீழே சரிந்து அறைக்குக் கீழுள்ள உலோகத்தில் முட்டி நிற்கிறதா? ஏந்துதட்டு முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், திருப்பிப் போடப்பட்டிருக்கலாம், அல்லது அழுக்கில் சிக்கியிருக்கலாம். போல்ட் தோட்டாவைத் தள்ளாமல் அதன் தலைமேல் ஏறிப் போய்விட்டதா? தோட்டா போதிய உயரத்துக்கு வரவில்லை, அல்லது உரிய நேரத்தில் வரவில்லை. மேல் தோட்டா அசையவே மறுத்து, அதனுடன் கீழ்த் தோட்டாவும் இழுபடுகிறதா? விளிம்புகள் கோத்துக்கொண்டிருக்கின்றன. சுட்ட பின் வெற்றுக் கூடு வெளியேறாமல் போல்ட்டுக்கும் அறைக்கும் இடையே நிமிர்ந்து நிற்கிறதென்றால், அதற்கு மேகசினைக் குறை சொல்வதற்கு முன் இழுகொக்கியைச் சந்தேகிப்பது நியாயம்.

இன்னொரு சோதனையும் உண்டு. போலித் தோட்டாக்களை நிரப்பிய மேகசினை ரைஃபிளில் மாட்டி, மற்றொரு கையால் அதன் அடித்தட்டை மேல்நோக்கி அழுத்தியபடி போல்ட்டை இயக்கிப் பாருங்கள். அழுத்தும்போது தடை மறைந்து, அழுத்தாதபோது திரும்பி வந்தால், மேகசின் ரைஃபிளில் தாழ்வாக நிற்கிறது என்று பொருள். மேகசினின் பற்றுப்பள்ளம் தேய்ந்திருக்கலாம், ரைஃபிளின் தாழ் தேய்ந்திருக்கலாம். அந்த நிலையில் உதட்டை எவ்வளவு வளைத்தாலும் பயனில்லை. புதிய மேகசின் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும்.

என் அண்ணன் மகன் ஒருமுறை ஸ்டேங்கருக்கு அப்பாலிருந்து ஒரு பழைய இரும்பு மேகசினைக் கொண்டுவந்து, "சித்தப்பா, இதன் உதடு விரிந்துவிட்டது, குறடு கொடுங்கள்" என்றான். நானும் இளம் வயதில் அப்படித்தான் குறட்டோடு தொடங்கினேன். தடை வந்த மறுநாளே உதட்டை உள்ளே வளைத்து, அது போதாதென்று மறுபடி வளைத்து, மூன்றாம் முறை வெளியே திருப்பியபோது மூலையில் மயிரிழைபோல் விரிசல் விட்டது. பிறகு அந்த மேகசினைக் கழற்றியபோது, ஏந்துதட்டின் பின்மூலையில் மெழுகும் சாம்பலும் சேர்ந்த அரிசியளவு கட்டி ஒன்று கிடந்ததைக் கண்டேன். குறை அது ஒன்றுதான். எனவே அண்ணன் மகனிடம் குறட்டைக் கொடுக்காமல் பிரஷைக் கொடுத்தேன். அவனுடைய மேகசின் அதன்பின் உதடு வளைக்கப்படாமலேயே நன்றாக ஓடுகிறது.

கழற்றுதலும் கழுவுதலும்

நம்மிடையே அதிகம் காணப்படுபவை பிர்னோ, சி.இசட். என்ற செக் நாட்டுத் தயாரிப்புகளான, போல்ட்டைக் கையால் இயக்கும் ரைஃபிள்கள். அவற்றின் ஐந்து அல்லது பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி மேகசின்கள் இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் வருகின்றன. பெட்டி மேகசின்களில் பலவற்றின் அடித்தட்டு ஒரு சிறு புடைப்பால் பிடிக்கப்பட்டிருக்கும். அதை அழுத்திக்கொண்டு தட்டைச் சறுக்கினால் கழன்று வரும். ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையையும் மேகசினையும் நுழைத்துக்கொண்டு இதைச் செய்தால், ஸ்பிரிங் தெறித்தாலும் பைக்குள்ளேயே விழும். வெளியே எடுக்குமுன் ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல ஸ்பிரிங்குகளுக்கு மேல், கீழ், முன், பின் என்ற வேறுபாடு உண்டு. தலைகீழாகப் போட்டாலும் அடித்தட்டு மூடிக்கொள்ளும், ஏந்துதட்டும் ஏறி இறங்கும், ஆனால் குண்டின் மூக்கு தொங்கும். பிறர் ஒருமுறை கழற்றிப் பூட்டிய மேகசின்களில் இந்தத் தவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரூகர் 10/22-இன் சுழல் மேகசின் வேறு வகை. 1964-இல் அந்த ரைஃபிளுடன் வந்த இந்த அமைப்பில் பத்துத் தோட்டாக்களும் ஒரு சுழலியின் தனித்தனிப் பள்ளங்களில் அமர்வதால் விளிம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பேச்சே இல்லை. வாய்ப்பகுதியும் எஃகால் ஆனது. அது அரைத் தானியங்கு (செமி-ஆட்டோமேட்டிக்) ரைஃபிள் என்பதால் நம் நாட்டில் அதை வேட்டைக்கோ விளையாட்டுக்கோ வைத்திருப்பவர்கள் அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவின்கீழ் அர்ப்பணிப்பு நிலை பெற்றவர்களாக, அதாவது அங்கீகாரம் பெற்ற வேட்டை அல்லது சுடுதல் சங்கத்தில் செயல்படும் உறுப்பினர்களாக, இருக்க வேண்டும். எனவே அதை வைத்திருப்பவர்கள் ஓரளவு பழகியவர்களாகவே இருப்பார்கள். அதன் முன்புறத் திருகை ஆலன் சாவியால் தளர்த்தும்போது உள்ளே முறுக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் அவிழத் தொடங்கும். அந்த இடத்தில் அவசரப்படாமல், அறுகோண மறையை விரலால் பிடித்து மெல்ல விட்டு, எத்தனை சுற்று அவிழ்கிறது என்பதை எண்ணி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டும்போது அதே எண்ணிக்கை முறுக்கு கொடுத்தால் பழைய இழுவிசை திரும்பி வரும். அதிகம் முறுக்கினால் தோட்டாக்கள் உதட்டில் இறுக அழுந்திக் குண்டு சுரண்டப்படும். குறைவாக முறுக்கினால் கடைசி இரண்டு மூன்று தோட்டாக்கள் சோம்பலாக ஏறும். கழற்றாமலே ஆல்கஹாலில் நனைத்துப் பிரஷால் தேய்த்து உலர்த்தினாலே தீர்ந்துவிடும் குறைக்காகச் சுழல் மேகசினைத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கழுவுவதற்கு, காய்ந்த மெழுகை முதலில் மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகு ஆல்கஹாலும் பிரஷும் பயன்படுத்துங்கள். இரும்பு மேகசின் என்றால் சூடான சோப்பு நீரும் நல்லதே, ஆனால் உடனே முற்றிலும் உலர்த்த வேண்டும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பிளாஸ்டிக்கின் அருகே கொண்டுபோகாதீர்கள்; உள்ளே தெரியும்படியான பாலிகார்பனேட் மேகசின் அதனால் வெளிறி விரிசல் விட்டுப்போகும்.

எண்ணெய் விஷயத்தில் கடற்கரைக்காரர்களான நாம் ஒரு முடிவு செய்தாக வேண்டும். ஜோகன்னஸ்பர்க் பீடபூமியில் இருக்கும் நண்பர்கள் மேகசினை எலும்புபோல் உலர்வாக வைத்திருக்கச் சொல்வார்கள். அவர்களுடைய காற்றுக்கு அது சரி. இங்கே அப்படி விட்டால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான புழுக்கத்தில் ஸ்பிரிங் சிவந்துவிடும். மாறாக எண்ணெயைத் தாராளமாகத் தெளித்தால் சாம்பலும் மெழுகும் அதில் குழைந்து பசையாகிவிடும். நான் செய்வது இதுதான்: மெல்லிய துப்பாக்கி எண்ணெயில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, ஸ்பிரிங்கையும் இரும்பு உட்சுவரையும் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்துவிடுகிறேன். கையால் தொட்டால் எண்ணெய் படக் கூடாது, பார்த்தால் மங்கலான பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். ஏந்துதட்டு உரசும் இடத்தில் மட்டும் உலர்ந்த கிராஃபைட் தூளைச் சிறிது தடவலாம். டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்ட நல்லதுதான், ஆனால் அதை மேகசினுக்குள் அப்படியே விட்டுவிடாமல் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

நிரப்பும் விதம்

மேகசின் சுத்தமான பிறகும் விளிம்புகள் கோத்துக்கொண்டால், தவறு பெரும்பாலும் நம் கட்டைவிரலில் இருக்கிறது. பெட்டி மேகசினை நிரப்பும்போது, உள்ளே இருக்கும் தோட்டாவை அடுத்த தோட்டாவின் விளிம்பால் அழுத்திக்கொண்டே, புதியதை உதடுகளுக்குக் கீழே முன்னிருந்து பின்னாகச் சறுக்க வேண்டும். அப்போது புதிய விளிம்பு கீழே உள்ளதன் கூட்டின்மேல் உருண்டு வந்து, பழைய விளிம்புக்கு முன்னால் நின்றுவிடும். தோட்டாவை நேர்ச்செங்குத்தாக அழுத்தினாலோ, பாதி நிரப்பிய மேகசினை மேசையில் முன்பக்கம் மோதித் தட்டினாலோ, மேல் விளிம்பு கீழ் விளிம்பின் பின்னால் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் பொத்தான் வைத்த மேகசின்களில் ஏந்துதட்டை அடிவரை இழுத்துக்கொண்டு தோட்டாக்களை அள்ளிக் கொட்டுவது வசதியாகத் தோன்றினாலும், இந்தக் குறையை வலிய அழைக்கும் செயல் அது. ஒரு தோட்டா நுழையும் அளவுக்கு மட்டும் இறக்கி, ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். நிரப்பி முடித்த பின் உள்ளே பார்க்க வழியிருந்தால், விளிம்புகள் படிக்கட்டுபோல் ஒன்றுக்கு முன் ஒன்றாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

உலோகத்தில் கை வைக்கும் நிலை

சுத்தம் செய்தும், சரியாக நிரப்பியும் குறை நீங்கவில்லையென்றால் மட்டுமே இங்கே வர வேண்டும். இந்த வேலைக்கு மிகச் சிறந்த அளவுகோல் கடையில் விற்கப்படுவதில்லை. உங்களிடம் நன்றாக ஓடும் அதே வகை மேகசின்தான் அது. இரண்டையும் அருகருகே வைத்து, உதடுகளுக்கு இடையேயான இடைவெளியை முன்முனையிலும், நடுவிலும், பின்முனையிலும் வெர்னியரால் அளந்து எழுதுங்கள். வலது உதட்டின் உயரத்தையும் இடது உதட்டின் உயரத்தையும் தனித்தனியே ஒப்பிடுங்கள். வேறுபாடு எங்கே என்று எண்ணால் தெரியாதவரை குறட்டைத் தொடாதீர்கள்.

அளந்த பின், போலித் தோட்டாக்களின்மேல் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி மெல்ல ஐந்தாறு முறை அறைக்கு ஏற்றி எடுங்கள். எங்கே கறுப்பு உரிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். ஒரு பக்கத்தில் மட்டும் நீளக்கோடாக உரிந்திருந்தால், அந்தப் பக்கத்து உதட்டின் உட்புறத்தில் பிசிறு இருக்கலாம். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டுப்பட்டால் சாணைக்கல்லால் அந்தப் பிசிறை மட்டும் எடுத்து, 1200 உப்புத்தாளால் மழமழப்பாக்குங்கள். உலோகத்தைக் குறைப்பது நோக்கமன்று. கூர்மையை எடுப்பது மட்டுமே. உதட்டு உலோகத்தின் கறுப்புப் பூச்சு போன இடத்தைக் கடைகளில் கிடைக்கும் குளிர் நீலமேற்றும் திரவத்தால் தடவி எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால், நம் காற்றில் ஒரு வாரத்தில் அங்கே துரு பிடிக்கும்.

இரும்பு உதடு கீழே விழுந்து விரிந்தோ மடங்கியோ இருப்பது அளவில் உறுதியானால், குறட்டின் வாய்க்கும் உதட்டுக்கும் நடுவே மெல்லிய தோல்துண்டு வைத்து, ஒரு முறைக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் அசையாதபடி அழுத்தி, எடுத்து, அளந்து, போலித் தோட்டாவால் சோதித்து, தேவையானால் மட்டும் மறுமுறை அழுத்துங்கள். முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் எஃகு இறுகி, நான் முன்னே சொன்ன விரிசல் வரும். பிளாஸ்டிக் உதட்டை வளைக்கவும் கூடாது, சூடு காட்டவும் கூடாது. அது விரிந்துவிட்டால் வேறு மேகசின் வாங்குவதே வழி.

சுவர் உள்ளே குழிந்திருந்தால் அதற்கென ஒரு மரக்கட்டை செய்துகொள்ளலாம். குழியாத இடத்தில் உள்ளகலத்தை அளந்து, அதைவிட 0.1 மில்லிமீட்டர் குறைவாகக் கெட்டியான மரத்தை இழைத்து, ஓரங்களைச் சற்று உருட்டி, அடிப்பக்கமாக நுழைத்து, மரச்சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டிக் குழியைத் தாண்டச் செய்யுங்கள். கட்டை தடையில்லாமல் போய்வரும் நிலை வந்தால் ஏந்துதட்டும் போய்வரும். இந்த ஒரு வேலையில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. தூக்கி எறிய இருந்த பழைய இரும்பு மேகசின்கள் இப்படி மறுபடி ஓடியிருக்கின்றன.

ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது சில நாள் பயன் தந்து, பிறகு முன்னிலும் தளர்ந்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்தது என்றால் புதியது வாங்கிப் போடுங்கள். நிரப்பியபடியே வைத்திருப்பதால் ஸ்பிரிங் கெடும் என்ற கவலை பலருக்கு உண்டு. நன்றாகச் செய்யப்பட்ட ஸ்பிரிங்கைத் தேய்ப்பது அழுந்தி நிற்பதைவிட, மீண்டும் மீண்டும் அழுந்தி விரிவதுதான். ஆனாலும் மேகசினைக் காலியாகவே பெட்டகத்தில் வையுங்கள், அது பாதுகாப்புக்காக.

சோதனை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து சோதியுங்கள். ஸ்பிரிங்கையும் மாற்றி, உதட்டையும் அழுத்தி, தோட்டா வகையையும் மாற்றிவிட்டால், குறை போனாலும் எதனால் போனது என்று தெரியாது. அடுத்த மேகசினில் அந்த அறிவு உதவாது. வீட்டில் போலித் தோட்டாக்களை முழுதாக நிரப்பி, இருபது முறை மெதுவாகவும் இருபது முறை விறுவிறுப்பாகவும் போல்ட்டை இயக்குங்கள். அரைத் தானியங்கு ரைஃபிளில் கையால் இயக்குவது உண்மை வேகத்தைக் காட்டாது என்பதால் அதன் முடிவு சுடுதளத்தில்தான் தெரியும். உயிருள்ள தோட்டாவை வீட்டில் ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் அதை இன்றே விட்டுவிட வேண்டும்.

சுடுதளத்தில் ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தோட்டாவில் ஐம்பதைச் சோதனை மேகசினிலிருந்து மட்டும் சுட்டு எழுதுங்கள். சாதாரண உரிமம் வைத்திருப்பவர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு நினைவிருக்கட்டும். அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில் வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்ப்பவை அந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதால், சோதனை நாளில் அங்கேயே வாங்குவது எளிது. ஐம்பதும் தடையின்றிப் போனால் வேறு வகையில் ஐம்பது சுட்டுப் பாருங்கள். மெழுகு கனமாகப் பூசிய போட்டித் தோட்டாவில் தடை வந்து, செம்புப் பூச்சுள்ள தோட்டாவில் வராமல் இருந்தால், குறை மேகசினின் அளவில் இல்லை, துடைக்கும் இடைவெளியில் இருக்கிறது. முன்பு 300 தோட்டாக்களுக்கு ஒருமுறை துடைத்ததை 150-க்கு ஒருமுறை ஆக்குங்கள்.

வேலை முடிந்த மேகசினைத் தோல் பையிலோ பஞ்சு வெட்டிய பெட்டியிலோ வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பெட்டகத்தில் சிலிக்கா ஜெல் பையோடு திறந்த தட்டில் வைத்து, கரும்பு எரிக்கும் மாதங்களில் மட்டும் மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். விரிசல் விட்ட மேகசினை என்றாவது உதவும் என்று இழுப்பறையில் போட்டு வைத்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து அவசரத்தில் யாரோ அதையே எடுத்து ரைஃபிளில் மாட்டுவார்கள். அதன் ஸ்பிரிங்கையும் ஏந்துதட்டையும் அடித்தட்டையும் கழற்றி, பழைய எண்ணை எழுதிய உறையிலிட்டு உதிரிப்பாகமாக வைத்துக்கொண்டு, உடம்பைப் பட்டறைப் பற்றுக்கருவியில் வைத்து உதடுகள் ஒட்டும்வரை நசுக்கி, இரும்புக் கழிவில் போட்டுவிடுங்கள்.